தொழிற்சாலையின் பின்பக்கம்

கிளிப் அக்காவுக்கு ஒழுங்கான பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் இருக்கிறது. எங்கள் சந்தில் யார் வாயிலும் இல்லை. துணி காயப்போடும்போது நாலைந்து கிளிப்பை உதட்டில் கவ்விக்கொண்டு, அதோடேயே பேசுவாள், அதோடேயே திட்டுவாள். அவள் என்ன சொல்கிறாள் என்பது புரிய எனக்கே வெகு நாளாயிற்று. இத்தனைக்கும் நான் எதிர்வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். ஷட்டரைத் தூக்கினால் முதலில் தெரிவது அவள் வீட்டு வாசல்தான்.

அவள் தொழில் சலவை. வீட்டுத் துணி எடுக்கமாட்டாள். "சட்டைக்கு ஆயிரம் கேள்வி வரும். பட்டன் எங்கே, கறை ஏன் போகலைன்னு. விரிப்புக்கு அந்தப் பிரச்சனையே இல்லை. யார் படுத்தாங்க, யார் எந்திரிச்சாங்கன்னு அதுக்கே தெரியாது" என்பாள். அதனால் லாட்ஜுகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, இவைதான் அவள் உலகம். முன்னறை முழுக்க சிமெண்டுத் தொட்டிகள். பின்னறையில் சமையலும் படுக்கையும். அவள் வீட்டுக்காரர் பழைய மூன்று சக்கர வண்டியில் மூட்டைகளைக் கொண்டுவந்து போட்டு, வெளுத்ததை எடுத்துப் போவார். அவர் அதிகம் பேசமாட்டார். பேச வேண்டியதையெல்லாம் வீட்டில் ஒருத்தி பேசிவிடுகிறாள் என்ற நிம்மதி அவர் முகத்தில் எப்போதும் இருக்கும்.

துவைப்பது அவளுக்குப் பெரிய காரியமே இல்லை. காய வைப்பதுதான் தலைவலி. எங்கள் சந்து குறுகல். வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மழைக்காலத்தில் விரிப்புகள் நாள்கணக்கில் ஈரமாகத் தொங்கி ஒரு வாடை பிடித்துக்கொள்ளும். அப்படித்தான் ஒரு லாட்ஜ் கைவிட்டுப் போனது. வந்து தங்கிய யாரோ ஒருவர் விரிப்பை முகர்ந்து பார்த்துவிட்டு மேனேஜரிடம் சண்டை போட்டாராம். "படுக்க வந்தவன் படுத்தோமா எந்திரிச்சோமான்னு இல்லாம, மோந்து பாக்கறானே" என்று அக்கா அன்று முழுவதும் புலம்பிக்கொண்டிருந்தாள்.

என் கடையைத் தாண்டினால் சந்தின் அந்தப் பக்கம் முழுக்க ஒரே நீளச் சுவர். அது செருப்புத் தொழிற்சாலையின் பின்பக்கம். முன்பக்கம் பெரிய சாலையில் இருக்கிறது. அங்கே கண்ணாடி, புல்வெளி, நீரூற்று, சிரித்துக்கொண்டே சீட்டுக் கொடுக்கும் வரவேற்பறைப் பெண், எல்லாம் உண்டு. நமக்கு வாய்த்தது முதுகு. முதலில் அங்கே நூற்றுக்கணக்கானவர்கள் வேலை பார்த்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் என் கடையில் கூட்டம் நெரியும். பிறகு செயற்கை நுண்ணறிவு வந்தது. ஒவ்வொரு பாதத்தையும் அளந்து, அந்தக் காலுக்கென்றே தனியாக ஒரு செருப்பை யோசித்து, தானே வெட்டி, தானே ஒட்டி, தானே பெட்டியில் போட்டு அனுப்பிவிடும். ஆட்கள் போனார்கள். கூட்டமும் போனது. வந்தது என்னவென்றால், சுவரில் வரிசையாக ராட்சச மின்விசிறிகள்.

யோசிக்கிற இயந்திரங்களை ஒரு கூடத்தில் வைத்திருக்கிறார்களாம். மூளைக்கூடம் என்று தொழிற்சாலைக் காவலாளி பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. யோசித்தால் சூடேறும். எனக்கும் கணக்குப் போட்டால் தலை சூடாகும், ஆனால் நான் அதை அடுத்தவர் வீட்டு வாசலில் ஊதிவிடுவதில்லை. அவர்கள் ஊதினார்கள். இரவும் பகலும் உறுமலோடு அனல் காற்று சந்துக்குள் இறங்கியது. என் கடையில் காகிதங்கள் ஓரம் சுருண்டன. தெருநாய்கள் இடம் மாறிவிட்டன.

கிளிப் அக்கா மட்டும் அந்தச் சுவருக்கு முன்னால் போய், புறங்கையை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுடுபால் பதம் பார்க்கிற மாதிரி. பிறகு திரும்பி என்னிடம் கேட்டாள்.

"தம்பி, இது சும்மாவா போகுது?"

"சும்மாதான் போகுது."

"யாரும் காசு கேக்க மாட்டாங்களா?"

"அவங்க வேண்டாம்னு தள்ளறதுக்கு எதுக்குக்கா காசு?"

மறுநாள் வீட்டுக்காரர் சுவர் நெடுகக் கம்பம் நட்டு, மேலே தகரம் போட்டு, கயிறு கட்டினார். நனைந்த விரிப்பைப் போட்டுவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள் அது மொறமொறவென்று காய்ந்து நின்றது. மழை கொட்டும்போதும் தகரக் கூரைக்குக் கீழே காய்ந்தது. வாடை போயிற்று. கைவிட்டுப் போன லாட்ஜ் திரும்பி வந்தது, தெரிந்தவர்களையும் அழைத்து வந்தது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியின் விரிப்புகளே அவளிடம் வந்தன. காலையில் எடுத்தால் அன்றைக்கே திருப்ப வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. ஊரில் வேறு எந்தச் சலவைக்காரரும் அதற்குத் துணியவில்லை. அக்கா துணிந்தாள். வாழ்நாளில் முதல்முறையாக அவளிடம் வேலை வந்து காத்துக்கொண்டு நின்றது. அவள் நடையே மாறிவிட்டது. எனக்குக்கூடக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

இதில் ஒரே முள், அவள் தங்கை.

தங்கை வீடு சந்தின் கோடியில். ஒற்றை அறை, ஒரே ஜன்னல். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே விசிறிகள். கணவன் வெளியூரில் வேலை. கைக்குழந்தையோடு அவள் தனியாக இருந்தாள். ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். பழைய போர்வையை நனைத்து ஜன்னலில் தொங்கவிடுவாள். அதுவும் சீக்கிரத்தில் காய்ந்து விறைத்துக்கொள்ளும். குழந்தையின் கழுத்திலும் அக்குளிலும் சிவப்பாகப் பொரிப்பொரியாக எழும்பின. அது தூங்காது. தூங்காத குழந்தை தாயையும் தூங்கவிடாது. கிளிப் அக்கா குழந்தையைத் தன் வீட்டில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தாள். அங்கே ப்ளீச்சிங் நெடி. குழந்தை தும்மித் தும்மி மூக்கு சிவந்து, அழைத்து வந்த வேகத்தில் திரும்பிப் போயிற்று.

ஒருநாள் தங்கை இடுப்பில் குழந்தையோடு கயிறுகளுக்கு நடுவே வந்து நின்றாள்.

"அக்கா, சந்துல எல்லாருமா சேர்ந்து ஒரு மனு குடுக்கலாம்னு இருக்கோம். நீயும் கையெழுத்துப் போடறியா?"

கிளிப் அக்கா ஒரு விரிப்பை உதறிக் கயிற்றில் போட்டாள். வாயில் கிளிப் இருந்தது.

"உனக்குத் துணி காயணும். எனக்குப் புள்ள தூங்கணும். நான் என்ன பெரிசா கேட்டுட்டேன்?"

"மழைக்காலம் முடியட்டும்டி" என்றாள் அக்கா, கிளிப்புக்கு நடுவே. அது எந்த மழைக்காலம் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. மனு அவள் கையெழுத்து இல்லாமலே போனது; போன இடத்திலேயே இருந்தது. அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அப்போதெல்லாம் குழம்பில் உப்பு போதுமா என்பது போன்ற பேச்சுதான். அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் வடிவமைப்புப் பெண் வந்தாள். கூட ஒரு தாடிக்காரன். இருவரும் பெரிய கல்லூரியில் படித்தவர்கள். காதில் ஆணி மாதிரி ஒன்று, காலில் வேண்டுமென்றே ஜோடி மாற்றிப் போட்ட செருப்பு. சந்து முழுவதும் வெப்பமானியோடு அலைந்தார்கள். கிளிப் அக்காவின் கயிறுகளைப் பார்த்ததும் அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, நாங்க ஊக வடிவமைப்பு செய்யறோம். இன்னும் வராத ஒரு பொருளை, வந்துட்ட மாதிரியே செஞ்சு காட்டுவோம். அதைப் பாக்கறவங்க, அட, இப்படி ஆயிடுமோன்னு யோசிப்பாங்க."

"ஜோசியமா?"

"இல்லக்கா. ஜோசியத்துல நல்லதும் வரும்" என்றான் தாடிக்காரன். எனக்கு அவனை அந்த ஒரு பதிலுக்காகப் பிடித்துப்போயிற்று.

அவர்கள் ஒரு போட்டிக்காகக் கண்காட்சி வைக்கப் போவதாகச் சொன்னார்கள். ஒரு ஜோடி செருப்பை யோசிக்க அந்த இயந்திரம் எவ்வளவு மின்சாரம் தின்கிறது, எவ்வளவு சூட்டைத் துப்புகிறது, வாங்குகிறவர் கண்ணுக்கு அது ஏன் தெரிவதில்லை, இதுதான் விஷயம். உதாரணத்துக்கு ஒரு செருப்பு செய்திருந்தார்கள். அதை உருவாக்கும்போது வெளியேறிய வெப்பத்துக்கு ஏற்ப அதன் அடிப்பாகம் சூடாகும். போட்டுக்கொண்டு நின்றால் காலை மாற்றி மாற்றித் தூக்க வேண்டியதுதான். இன்னொன்று, ஒரு செருப்புக்காக இயந்திரம் வரைந்து பார்த்து வேண்டாமென்று கழித்த வடிவங்களையெல்லாம் காகிதத்தில் அச்சிட்டு, ஆள் உயரத்துக்கு அடுக்கி வைப்பது. அந்த அச்சு வேலை என் கடைக்கு வந்தது. வீணாவதைக் காட்டுவதற்காகக் கட்டுக்கட்டாகக் காகிதத்தை வீணாக்கினோம். இதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. வருகிற வேலையை யாராவது வாதம் பண்ணித் துரத்துவார்களா?

தங்கையின் அறையை அவர்கள் அளவெடுத்தார்கள். அதே அளவில் ஓர் அறை, தொட்டில், எதிரே அனல் வீசும் சுவர். அதற்கு 'வருங்காலப் படுக்கையறை' என்று பெயர். "வருங்காலமா? நேத்திக்கே வந்துடுச்சே" என்றாள் தங்கை. அந்தப் பெண் முகம் சிவந்து, அதைக் கைபேசியில் குறித்துக்கொண்டாள்.

அறைகளைப் பிரிக்கத் திரை வேண்டும் என்று கிளிப் அக்காவிடம் வெள்ளை விரிப்புகளை வாடகைக்குக் கேட்டார்கள். லாட்ஜ்காரர்கள் கழித்துப் போட்ட பழைய விரிப்புகள் அவளிடம் நிறைய இருந்தன. நன்றாக வெளுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டாள்.

தொழிற்சாலைக்கு இந்த விஷயம் எட்டாமல் இருக்குமா? மேலாளர் முதல்முறையாகப் பின்பக்கம் வந்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தாதவர். ஒரு புகைப்படக்காரரையும் அழைத்து வந்திருந்தார். கயிறுகளுக்கு நடுவே கிளிப் அக்காவை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள்.

"அம்மா, எங்க சூடு உங்களுக்கு உபயோகமா இருக்கு. அதை நீங்க உங்க வாயால சொன்னா போதும். கண்காட்சிக்கு நானும் வருவேன்."

"சொல்றதுக்கென்ன சார். உண்மைதானே."

"அவ்வளவுதான் வேணும். சொல்லிட்டீங்கன்னா இந்தக் கயிறு இங்கேயே இருக்கும். நான் பாத்துக்கறேன்."

அவர் போனதும் அக்கா கொஞ்ச நேரம் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். சொல்லாவிட்டால் கயிறு இருக்காது என்பதை அவர் சொல்லாமலே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவளுக்கு அது புரியாமல் இல்லை.

கண்காட்சித் திறப்பு நாளன்று பார்த்து மூளைக்கூடத்தைச் சுத்தம் செய்ய விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். வெளியே விடாத மழை. திரை விரிப்புகள் சொட்டச் சொட்ட ஈரம். காய்ந்ததும் தருகிறேன் என்று சொல்ல முடியாது, மாலையில் திறப்பு. வீட்டுக்காரர் பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி, ஈர மூட்டையோடு வண்டியை மிதித்தார். அக்காவும் தங்கையும் குழந்தையோடு பின்னால் போனார்கள். பார்க்கிற ஆசையில் நானும் கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

கூடத்தில் யாரும் இல்லை. அந்தப் பெண்ணும் தாடிக்காரனும் விருந்தினர்களை அழைத்து வர வாசலுக்குப் போயிருந்தார்கள். கிளிப் அக்கா உள்ளே நுழைந்து சுற்றிலும் பார்த்தாள். வருங்காலப் படுக்கையறையில் ஹீட்டர்களை முடுக்கிவிட்டிருந்தார்கள். சுவர் அனலாக ஊதிக்கொண்டிருந்தது. எங்கள் சந்துச் சுவரே தேடிக்கொண்டு வந்த மாதிரி.

அவள் யோசிக்கவே இல்லை. மூட்டை கட்டிய கயிற்றை எடுத்தாள். தொட்டில் கம்பத்துக்கும் ஜன்னல் கம்பிக்கும் இழுத்துக் கட்டினாள். விரிப்புகளை உதறி உதறிப் போட்டாள். "அக்கா, இது பாக்கறதுக்கு வச்சிருக்கறது" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "பாத்துக்கட்டும், யார் வேண்டாம்னா? காயற வரைக்கும்தானே" என்றாள். அறை முழுக்க விரிப்புகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஆவி மேலே எழும்பியது.

அப்போது கதவைத் திறந்துகொண்டு விருந்தினர்கள் வந்துவிட்டார்கள்.

வடிவமைப்புப் பெண்ணின் முகத்தை நான் பார்த்தேன். ரத்தமே இல்லை. ஆனால் முன்னால் வந்த நடுவர் அம்மா, வெளிநாடெல்லாம் போய் வந்த பெரிய கலை விமர்சகராம், விரிப்புகளை விலக்கிக்கொண்டு மெல்ல உள்ளே நடந்தார். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது, கழற்றித் துடைக்கவில்லை. தொட்டிலைப் பார்த்தார். ஈரத் துணி அவர் தோளில் பட்டு நகர்ந்தது. "அற்புதம்" என்றார். "உழைப்பே வியர்வை விட்டு நிற்கிற மாதிரி இருக்கு. இதை எப்படி யோசிச்சீங்க?"

தாடிக்காரன் வாயைத் திறந்தான். அந்தப் பெண் அவன் கையைப் பிடித்தாள். "நிறைய யோசிச்சோம்" என்றாள். சத்தம் போட்டுச் சிரித்துவிடக் கூடாது என்று நான் வெளியே போய் மழையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது மேலாளர் நடுவரிடம் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் சூடு வீணாவதில்லை, இதோ இந்த அம்மாவின் பிழைப்பே அதில்தான் நடக்கிறது, கேட்டுப் பாருங்கள் என்று கிளிப் அக்காவை முன்னால் தள்ளினார். நிருபர்களும் சூழ்ந்துகொண்டார்கள். நடுவர் அம்மா கேட்டார்.

"உண்மையாம்மா? அந்தச் சூடு உங்களுக்கு நல்லதா?"

கிளிப் அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை செயற்கை ஜன்னலுக்குப் பக்கத்தில் குழந்தையோடு நின்று, "என் ரூம் மாதிரியே இருக்கு. ஆனா இதுல இருந்து வெளிய போயிடலாம்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தை கழுத்தைச் சொறிந்து சொறிந்து அழுதது.

"எனக்கு நல்லதுங்க" என்றாள் அக்கா. மேலாளர் தலையாட்டினார். "என் தங்கச்சிக்குக் கெட்டது. அந்தப் புள்ள கழுத்தைப் பாருங்க. பொறந்ததுலேர்ந்து ஒரு நாள் நிம்மதியாத் தூங்கினதில்ல. எனக்கு நல்லதா இருக்குன்னு நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன். அதான் உண்மை."

சொல்லிவிட்டு விரிப்புகளைத் தொட்டுப் பார்த்து, காய்ந்ததை மடிக்க ஆரம்பித்தாள். கண்காட்சி நடக்கும்போதே அதன் திரையை மடித்து எடுத்த ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள். அன்று எனக்கு அவள்மேல் இருந்த மரியாதையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கயிறு போய்விடும் என்று தெரிந்தே பேசினாள்.

மறுநாள் பத்திரிகையில் அவள் சொன்னதில் பாதி வந்தது. நல்லது என்ற பாதி வரவில்லை. குழந்தையின் கழுத்து பெரிய படமாக வந்தது. கண்காட்சிக்கு முதல் பரிசு. செருப்பு வாங்குகிறவர்கள் தொழிற்சாலைக்குக் கண்டனம் எழுதினார்களாம். மனுவைத் திரும்பிப் பார்க்காதவர்கள் இதைப் பார்த்தார்கள். மூளைக்கூடத்துக்குப் புது முறையில் குளிரூட்டப் போகிறோம், இனி சந்துக்குள் அனல் வராது என்று அறிவித்தார்கள். சொன்னபடியே செய்தார்கள். கூரையில் பெரிய பெரிய தொட்டிக் கோபுரங்கள் எழுந்தன. விசிறிகளைக் கழற்றி, ஓட்டைகளைச் செங்கல் வைத்து அடைத்து, மேலே பூச்செடி படமெல்லாம் வரைந்தார்கள்.

உறுமல் நின்ற அன்று சந்தே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. தங்கை ஜன்னலைத் திறந்து வைத்தாள். குழந்தை பகல் முழுக்கத் தூங்கியது. பயந்துபோய் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாளாம். அக்காவும் தங்கையும் மறுபடி உப்பைத் தாண்டிப் பேசினார்கள். கிளிப் அக்கா மொட்டை மாடி ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். வெயில் நாட்களில் மாடியில் காயப்போட்டு, எப்படியோ அடித்துப் பிடித்து அன்றைக்கே ஆஸ்பத்திரி விரிப்புகளைத் திருப்பினாள். "சமாளிச்சுக்கலாம் தம்பி. முன்னாடி இப்படித்தானே இருந்தோம்" என்றாள். லாட்ஜுகளை விட்டாலும் ஆஸ்பத்திரியை விடக் கூடாது என்பது அவள் கணக்கு. அந்த ஒன்று இருந்தால் வீடு நடக்கும்.

பிறகு குழாயில் தண்ணீர் மெலிந்தது.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் காலம் என்றோம். குழாய் உடைப்பு என்றோம். நூல் மாதிரி வந்தது, பிறகு சொட்டியது, பிறகு இருமியது. குடிக்க மட்டும் லாரியில் வந்து குடத்துக்கு ஊற்றினார்கள். சிமெண்டுத் தொட்டிகள் அடி தெரியக் காய்ந்தன. அக்கா மேலாளரைப் பார்க்கப் போனாள். துணைக்கு நானும் போனேன். முன்பக்கத்து நீரூற்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறோம் என்று அதன்மேல் ஒரு பலகை.

மேலாளர் உட்காரச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

"அம்மா, சூடு சும்மா மறைஞ்சு போகாது. காத்துல விடலாம், இல்லாட்டி தண்ணியில விடலாம். காத்துல விட்டோம், கூடாதுன்னீங்க. இப்ப தண்ணியில விடறோம். அந்தக் கோபுரம் குடிக்கிற தண்ணி ஆவியாப் போயிடும். அனுமதி வாங்கித்தான் எடுக்கறோம்."

"அது எங்க குழாய்த் தண்ணி சார்."

"எல்லாருக்கும் ஒரே தண்ணிதாம்மா."

வெளியே வந்ததும் அக்கா வடிவமைப்புப் பெண்ணுக்கு என் கைபேசியில் பேசினாள். அவள் பரிசுப் பணத்தில் வேறு ஊரில் வேறு ஒரு கண்காட்சியில் இருந்தாள். பொறுமையாகக் கேட்டாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு கொஞ்சம் தயங்கி, "அக்கா, இது ரொம்ப முக்கியமான விஷயம். இதை வச்சே அடுத்தது பண்ணலாமா? நீங்களும் வருவீங்களா?" என்றாள்.

அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் துண்டித்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெண் எதிரில் இல்லாதது நல்லது.

ஆஸ்பத்திரியின் கடைசி மூட்டை அக்கா வீட்டில் பிரிக்காமல் கிடந்தது. வீட்டுக்காரர் ஊர் சுற்றித் தண்ணீர் விலைக்குக் கேட்டுப் பார்த்தார். குடிக்கவே இல்லை, துவைக்கவா என்று திருப்பி அனுப்பினார்கள். மாலையில் அக்கா மூட்டையைப் பிரித்தாள். அழுக்கு விரிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, நுனியோடு நுனி சேர்த்து, வெளுத்த துணியை மடிப்பது போலவே மடித்தாள். ரத்தக் கறையும் மருந்துக் கறையும் உள்பக்கம் போகும்படி மடித்தாள். வீட்டுக்காரர் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார். நான் எதிரே கடையில் வேலை இருப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு அவளே கொண்டுபோனாள். கிடங்குக்காரர் மேலே இருந்த விரிப்பைப் பிரித்துப் பார்த்து நிமிர்ந்தார்.

"என்னம்மா இது, துவைக்கவே இல்லையே?"

"இல்லீங்க."

"வெயில்தான் இப்படிக் காயுதே. இன்னிக்குப் போட்டா இன்னிக்கே காஞ்சிருக்குமே."

"காயறதுக்கு முதல்ல நனையணுமேங்க" என்றாள் அக்கா.

அவர் வேறு யாரையாவது பார்த்துக்கொள்கிறேன் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

திரும்பி வந்தவள் தன் வீட்டுக்குள் நுழையவில்லை. தங்கை வீட்டுக்குப் போனாள். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. குழந்தை பாயில் கைகால்களை விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் ஒரு பொரி இல்லை. பட்டு மாதிரி இருந்தது. அக்கா ஓசைப்படாமல் அதன் பக்கத்தில் தரையில் படுத்தாள். பட்டப்பகலில் அவள் படுத்து யாரும் பார்த்ததில்லை. தங்கைக்கு ஆஸ்பத்திரி விஷயம் இன்னும் தெரியாது. அவள் சந்தோஷமாக அருகில் வந்து உட்கார்ந்து, அக்காவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"நல்லா இருக்குல்லக்கா, ரூம்?"

"நல்லா இருக்குடி" என்று சொல்லிவிட்டு, அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.